கல்யாண முருங்கையில் தட்டிய குருவி

குறிஞ்சிக்கோடு என்றொரு மலைநாடு. முன்னொரு காலத்தில் அதை ஆண்டவன் கோடைவர்மன். நல்ல ராஜாதான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் நேர்மாறாகப் பேசாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அவன் வேட்டைக்குப் போயிருந்தபோது அரசி பூங்கோதை காய்ச்சலில் இறந்துபோனாள். அப்போது அருகில் இருந்தவர் வைத்தியர் ஆதனார் மட்டும். வைத்தியருக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து வெகுநாளாக வயிறெரிந்த கொற்றங்கன் என்ற சபையோன், மூன்று நாள் கழித்து ராஜா திரும்பியதும் மெல்லச் சொன்னான்: "பிரபு, வைத்தியர்மேல் சந்தேகமே வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? அவன் மருந்துதான் கொன்றிருக்கும்!" என்று ராஜா கத்தினான். அழுகையும் கோபமும் அவனுக்கு ஒன்றாகவே வந்தன. ஒரு வார்த்தை பேசவிடாமல் ஆதனாரைச் சிறையில் தள்ளினான். பௌர்ணமியன்று தலை போகும் என்று தீர்ப்பு.

அதற்கு முதல்நாள் மந்திரி வேங்கையர், ராஜாவை அரசியின் ஜன்னலோரம் அழைத்துப் போனார். கல்யாணத்தன்று அவள் நட்ட கல்யாண முருங்கை அங்கே பட்டுப்போய் நின்றது. காய்ந்த கிளையில் ஒரு குட்டி மரங்கொத்தி. உடம்புக்கு மீறிய தலை, பின்னால் வாரிவிட்ட கொண்டை, கட்டை வால், சிறகில் அரசிலை வடிவில் கறுப்புப் புள்ளிகள். டொக், டொக் என்று தட்டியது. கொஞ்சம் தள்ளியிருந்த ஜோடி குரல் கொடுத்தது. இதுவும் பதில் கொடுத்தது. ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பிரபு, அரசியின் மரத்தைக் கொன்றது இதுதான். தினமும் வந்தது, மரம் செத்தது. தலையைச் சீவ உத்தரவிடுங்கள்" என்றார் மந்திரி.

"ஆமாம், ஆமாம்" என்றான் கூடவே வந்த கொற்றங்கன்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. பட்டையை உரித்தான். உள்ளே முழுக்கப் புழு. "உமக்குப் புத்தி இருக்கிறதா, மந்திரி? புழு வந்த பிறகுதான் குருவி வந்தது. புழுவை எடுக்க வந்ததைக் கொலைகாரன் என்பதா? விடுதலை!"

"அப்படியானால், காய்ச்சல் வந்த பிறகு வந்த வைத்தியர்?"

"ஆதனாரைக் கூட்டி வாருங்கள்!" என்றான் ராஜா. கையிலிருந்த பட்டை கீழே விழுந்தது.

ஆதனாரைக் கொண்டுவந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தார். "ஐயா, மன்னியுங்கள். அவள் கடைசியாக ஏதாவது சொன்னாளா?" என்றான் ராஜா.

"அதைச் சொல்லத்தான் அன்றே வாயெடுத்தேன், பிரபு. விடியற்காலையில் இந்தக் குருவி தட்டியது. 'கதவு தட்டுற சத்தம் கேக்குதே, அவர் வந்துட்டாரா?' என்று கேட்டார்கள். 'வந்துவிட்டார் அம்மா' என்று பொய் சொன்னேன். சிரித்தார்கள். அவ்வளவுதான்."

ராஜா மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். மந்திரிக்கு முத்துமாலை கொடுத்தான். அவர் அதை ஆதனார் கழுத்தில் போட்டார். 'சந்தேகமே வேண்டாம்' என்று தூண்டிவிட்ட குற்றத்துக்கு, அன்று முதல் வைத்தியரின் மருந்துப் பெட்டியைச் சுமப்பது கொற்றங்கன் வேலையானது.

பட்ட மரத்தை யாரும் வெட்டவில்லை. விடியலில் டொக், டொக் என்று கேட்டால், ராஜா எழுந்துபோய் அரசியின் அறைக் கதவைத் திறந்துவைப்பான். வேட்டையிலிருந்து மூன்று நாள் முன்னே வந்திருக்கலாமே என்று அவன் சொன்னபோது, அவனைப் போல நேர்மாறாகப் பேசச் சபையில் யாருக்கும் மனம் வரவில்லை.