குற்றமில்லாத ஈயம்

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்திவந்த வடிவம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். அவருடைய சீடர்களில் மூத்தவர் சடையப்பன், அம்மையாரைவிட வயதில் ரொம்பப் பெரியவர். வேட்டைக்காரராக இருந்து, வேட்டை வெறுத்துப்போய் மடத்துக்கு வந்தவர். வரும்போது துப்பாக்கியையும் கொண்டுவந்துவிட்டார். உரிமம் உள்ள நாட்டுத் துப்பாக்கி. அதைப் பரண்மேல் போட்டுவிட்டுத் தியானத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மடத்தை ஒட்டிக் குப்பாயியின் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளித் தோட்டம். புருஷன் இல்லாதவள். அந்தக் கிழங்கு வீடு வந்து சேர்ந்தால்தான் வருஷம் முழுக்க அவள் அடுப்பு எரியும். மடத்துக்கும் யாரும் கேட்காமலே கூடை கூடையாகக் கொண்டுவந்து வைப்பாள். மடத்தில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் அந்தக் கிழங்கும் ஒரு துவையலும்தான்.

அந்த வருஷம் அவள் காட்டில் பன்றிகள் இறங்கின. தகரம் தட்டினாள், பழைய சேலையெல்லாம் வேலியில் கட்டினாள். பன்றிகள் சட்டை செய்யவில்லை. மடத்துக்கு வந்து சடையப்பனிடம் கெஞ்சினாள். ஒன்றைச் சுட்டால் போதும், மற்றதெல்லாம் மலையேறிவிடும் என்றாள். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவர் அம்மையாரிடம் போனார்.

"பன்னியச் சுட்டா பாவமுங்களா அம்மா?"

"பாவந்தானுங்கண்ணா."

"அப்பச் சுட வேண்டாமுங்களா?"

"அந்தப் பொம்பளையப் பட்டினி போடறதும் பாவந்தான். சுடறதுன்னா சுடுங்க. மாட்டேன்னா அதை அவகிட்டச் சொல்லிப்போடுங்க. அவ வேற ஆளைப் பாத்துக்குவா."

இதைவிடத் தெளிவாக ஒரு குரு எப்படிச் சொல்வது? ஆனால் சடையப்பன் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். குண்டு வார்க்கிற ஈயத்தில் யாருடைய பாவமும் ஒட்டியிருக்கக் கூடாது. ஈயம் சுத்தமாக இருந்தால் சுடுகிற பாவம் பாதியாகக் குறைந்துவிடும் என்று அவருக்குப் பட்டது. மறுநாளே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பழைய ஈயம் தேடிக் கிளம்பிவிட்டார்.

ஆற்றோரத்துப் பரிசல்காரர் கிழிந்த வலையிலிருந்த ஈயக் குண்டுகளைக் கழற்றிக் கொடுத்தார். எத்தனை மீனின் உயிரை வாங்கிய ஈயமோ என்று சடையப்பன் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேட்டரிக் கடையில் பழைய தகடுகள் கிடைத்தன. திருட்டு லாரியிலிருந்து வந்ததாக இருந்தால் என்ன செய்வது என்று அம்மையாரிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றார் அம்மையார். தெரியாத பொருளைத் தொடலாமா என்று மறுபடி கேட்டார். அம்மையார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ராசிபுரத்தில் மூடிக் கிடந்த ஓர் அச்சகத்தில் தேய்ந்துபோன ஈய எழுத்துகள் ஒரு டப்பா நிறையக் கிடைத்தன. நல்ல கெட்டி ஈயம், குண்டுக்கு அதைவிடத் தோதானது இல்லை. சடையப்பன் அதை மடத்து வாசலில் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்தப் பொய் நோட்டீஸ் அடித்த எழுத்தோ, யார் குடியைக் கெடுத்த எழுத்தோ என்று மறுகினார். கல்யாணப் பத்திரிகை அடித்த எழுத்தை மட்டும் தனியாகப் பொறுக்க ஏதாவது வழி உண்டா என்று அம்மையாரிடம் யோசனை கேட்டார்.

அம்மையாருக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணா, குண்டே வேண்டாம். மருந்தை மட்டும் போட்டு ஒரு வேட்டு வெய்யிங்க. சத்தத்துக்கே ஓடிப்போயிரும்."

சடையப்பன் கண்ணை மூடி யோசித்தார்.

"குண்டில்லாத துப்பாக்கிய வெச்சுப் பன்னிய ஏமாத்துனா, அது பொய்யாகாதுங்களா அம்மா?"

அம்மையார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் குப்பாயி நின்றிருந்தாள். நான் வேறு யாரையாவது பார்க்கட்டுமா என்று கேட்டாள். கொஞ்சம் பொறு தாயி, ஈயம் வந்துவிடும் என்று சடையப்பன் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது.

கடைசியில் குற்றமில்லாத ஈயமும் கிடைத்தது. அவருடைய அப்பா கட்டிய வீட்டில், ஜன்னல் கம்பியைக் கல்லில் இறுக்குவதற்காக ஊற்றிய ஈயம். அப்பா கூலிக்குக் கல் உடைத்துச் சேர்த்துக் கட்டிய வீடு, அதில் ஒரு கெட்ட காசு கிடையாது. கம்பியைப் பெயர்த்து ஈயத்தைச் சுரண்டி எடுத்துவந்து, மடத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டி உருக்கினார். மேலே அழுக்கு ஆடையாகப் படிந்தது. வழித்துவிட்டு ஆறவைத்து மறுபடி உருக்கினார். மறுபடி ஆடை படிந்தது. காரீயத்தைக் காய்ச்சக் காய்ச்ச அப்படித்தான் படியும். வேட்டைக்காரருக்கு அது தெரியாதா? தெரிந்தும் நாள்கணக்கில் வழித்துக்கொண்டே இருந்தார். பக்கத்துக் காட்டில் பன்றிகள் உறுமுவது அடுப்படிவரை கேட்டது.

ஒருவழியாகக் குண்டுகளை வார்த்தார். திருநீற்றால் தேய்த்துப் பளபளப்பாக்கி, வாழை இலைத் துண்டில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தார். மதியப் பந்தி உட்காரும் நேரம். பந்தியின் கடைசியில் குப்பாயி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூடை இல்லை. அவள் காட்டில் அன்றைக்குப் பன்றிகள் தோண்டிய குழிகள்தான் மிச்சம். அதைக் காலையிலேயே வந்து அம்மையாரிடம் சொல்லி அழுதுவிட்டு, போக இடமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டாள். சடையப்பன் அவளைக் கவனிக்கவில்லை.

"ஒரு குத்தமும் இல்லாத ஈயமுங்க அம்மா. இனி எப்பச் சுடட்டும்னு சொல்லுங்க."

அம்மையார் குண்டுகளை வாங்கிக்கொண்டார். முதலில் சாப்பிட உட்காருங்கள் என்றார். சடையப்பன் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். அம்மையார் வரிசையாகக் கம்பங்களி பரிமாறிக்கொண்டு வந்தார். சடையப்பனுக்கு வைக்க வேண்டிய உருண்டையைக் குப்பாயியின் இலையில் வைத்தார். பாத்திரம் காலியானது. பிறகு சடையப்பன் முன்னால் வந்து நின்று, அவர் இலையில் குண்டுகளைக் கொட்டினார்.

சடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் குப்பாயி அங்கே இருப்பது அவர் கண்ணில் பட்டது.

"சாப்புடுங்கண்ணா," என்றார் அம்மையார். "குத்தமில்லாததுதானுங்களே."