மடிக்காத இலை

காட்டுச் சாலையோரத்தில் நரி ஒன்று சாப்பாட்டுக் கடை வைத்திருந்தது. வாசலில் ஒரே ஒரு சார்ஜர். சாப்பிட வருகிறவர்கள் பேட்டரி வண்டிக்கு இலவசமாக சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். இலையை மடிக்கும்வரை சார்ஜர் அவர்களுக்குத்தான். அது நரி போட்ட சட்டம்.

அன்று மத்தியானம் கரடி மூக்குப் பிடிக்கத் தின்றது. வண்டியில் சார்ஜ் நிரம்பிப் பச்சை விளக்கும் எரிந்தது. ஆனாலும் கரடி எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போனால் குட்டிக்குக் காய்ச்சல், மனைவியின் புலம்பல். காலையில் தொட்டுப் பார்த்தபோது லேசான சூடுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டது.

அப்போது ஆமை வைத்தியரின் வண்டி தட்டுத்தடுமாறி வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, உங்க வண்டி நிரம்பிடுச்சு. கொஞ்சம் எடுத்தீங்கன்னா நான் போட்டுக்குவேன். ஆத்துக்கு அக்கரையில ஒரு பிள்ளைக்கு வலிப்பாம். காக்கா சொல்லிட்டு, வழிகாட்ட ஆத்தங்கரையில காத்திருக்கு."

வரிசையில் முந்த ஆளாளுக்கு ஒரு கதை என்று கரடி நினைத்தது. யார் வீட்டுப் பிள்ளை என்றுகூடக் கேட்கவில்லை.

"இன்னும் இலையை மடிக்கலையே, வைத்தியரம்மா. நரியாரே, கொஞ்சம் மோர் ஊத்துங்க."

ஆமை நரியைப் பார்த்தது.

"சட்டம்னா சட்டம்தாம்மா" என்று நரி மோரை ஊற்றியது.

நடந்தால் ஆமை அக்கரை போய்ச் சேர விடிந்துவிடும். பாவம், வாசலிலேயே நின்றது.

மோருக்குப் பின் பாயசம். பாயசத்துக்குப் பின் உட்கார்ந்தபடியே ஒரு குட்டித் தூக்கம். வெயில் தாழ்ந்த பிறகுதான் கரடி இலையை மடித்துக் கிளம்பியது.

ஆற்றங்கரையில் காகம் தனியாக உட்கார்ந்திருந்தது.

"வைத்தியரம்மாவை வழியில பாத்தீங்களா?"

"நரி கடையில சார்ஜ் போட்டுட்டிருக்காங்க. ஏன்?"

காகம் தலையைக் குனிந்துகொண்டது. "உங்க வீட்டம்மாதான் என்னை அனுப்பினாங்க. இப்பதான் போய்ப் பாத்துட்டு வந்தேன். இனிமே வைத்தியர் வர வேண்டாம். குட்டி போயிடுச்சு."

வண்டியில் சார்ஜ் நிறைய இருந்தது. கரடிக்குத்தான் அதை ஓட்டக் கை வரவில்லை.

கருமாதிச் சாப்பாட்டுக்கு ஆமையும் வந்திருந்தது. கரடிக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறினார்கள். ஒரு வாய்கூடத் தொடாமல் அது இலையை மடித்துவிட்டு எழுந்தது.

தன் தேவை முடிந்த பிறகும் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவனுக்கு, அதனால் தவித்தது யார் என்று தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.