தங்கப்பழத்துக்கு மூணு உயிரு

கேக்கறவங்க நல்லா சம்மணம் போட்டு உக்காந்துக்கிடுங்க. நடுவுல "இது நெசமா"ன்னு மட்டும் கேக்கப்பிடாது. கேட்டா மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிப்பேன்.

ஊமத்தங்குளம்னு ஒரு ஊரு. ஊருக்குள்ள நுழையற எடத்துல "ஊமத்தங்குளம் உங்களை வரவேற்கிறது"ன்னு ஒரு போர்டு உண்டு. ஒரு ஐப்பசி மழையில அந்தப் போர்டு சாஞ்சு போச்சு. அதைத் திரும்ப நட மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரமும் வெளியூர்க்காரங்க ஒருத்தரையும் உள்ள விடலை. வரவேப்பு இல்லாம எப்படி விடன்னு எல்லையிலேயே பாய் விரிச்சு உக்கார வச்சு, மூணு வேளையும் சோறு போட்டாங்க. நல்ல ஜனங்க. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்த ஊருப் படிப்பகத்துல நாலு பேரு. தலைவர் சொரிமுத்து. செயலாளர் குத்தாலிங்கம். உறுப்பினர் கொம்பையா. இன்னொரு உறுப்பினர் தங்கப்பழம்.

தங்கப்பழத்துக்கு இருபத்தாறு வயசு. கெடா மீசை. அடுத்த புதன்கிழமை அவனுக்குக் கல்யாணம். பொண்ணு சிந்தாமணிக்கரை செண்பகவல்லி, தையக்கடை வச்சிருக்கா, கெட்டிக்காரி. அந்தப் புதன்கிழமைக்காக அவன் நாளை எண்ணிக்கிட்டுக் கெடந்தான். தாலி முடிச்சு தப்பிரக் கூடாதுன்னு வீட்டு முருங்கை மரத்துக்கு மஞ்சக் கயித்தைக் கட்டிக் கட்டிப் பழகுவான். மரத்துக்கு இதுவரைக்கும் பதினோரு தாலி ஆயிட்டு.

இப்படி இருக்கையில திங்கக்கிழமை காலையில, டவுன்ல வீடியோ கேம் செய்யுற கம்பெனியிலேருந்து ஷைலஜான்னு ஒரு பொண்ணு வந்தா. கையில உள்ளங்கை அகலத்துல ஒரு ஆட்டப் பொட்டி. மேல முழுக்க கண்ணாடித் திரை.

"இது எங்க புது கேம் சார். விளையாடத் தெரிஞ்சவங்க கருத்தெல்லாம் வாங்கியாச்சு. ஒண்ணுமே தெரியாதவங்க கருத்தும் வேணும். விசாரிச்சேன், எல்லாரும் உங்க ஊரைத்தான் சொன்னாங்க."

தலைவர் சொரிமுத்துக்குப் பெருமை தாங்கலை. "நம்ம பேரு டவுன் வரைக்கும் போயிருக்கு பாரும்வே"ன்னாரு.

"தாள்ல எப்படி விளையாடணும்னு போட்டிருக்கு. கடைசியில கேள்வி இருக்கு. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்"னு சொல்லிட்டு அவ பஸ் ஏறிட்டா.

குத்தாலிங்கம் தாளை வாசிச்சாரு. எழுத்துல இருந்தா அவரு அப்படியே நடப்பாரு. ஒருதரம் பேங்குல "செருப்பை வெளியே விடவும்"னு எழுதியிருந்துது. இவரு வெறுங்காலோட போனவரு. நேரா கடைக்குப் போயி ஒரு சோடி செருப்பு வாங்கியாந்து, வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போனாரு. வரும்போது அதை எடுக்கவும் இல்ல. எடுக்கச் சொல்லி எழுதலையே.

"ஒண்ணு. விளையாடுபவர் பெயரை எழுதவும்"னு வாசிச்சாரு.

யாரு பேரை எழுதன்னு பேச்சு வந்துது. தலைவர் சொன்னாரு: "நான் தலைவர். நான் ஓடி ஆடினா ஊரு என்ன நெனைக்கும்?"

"எனக்கு மூட்டு வலி"ன்னாரு குத்தாலிங்கம்.

"எனக்கு மூச்சு எளைப்பு"ன்னான் கொம்பையா.

கடைசியில, கல்யாண மாப்ளை, காலு கையி திடமா இருக்கான்னு தங்கப்பழம் பேரை எழுதினாங்க. திரையில மஞ்சச் சட்டை போட்டு, சுண்டுவிரல் ஒசரத்துல ஒரு ஆளு வந்து நின்னான். பக்கத்துலயே எழுத்து வந்துது. "வருக, தங்கப்பழம். உங்களுக்கு மூன்று உயிர்கள் உள்ளன."

கொம்பையா திரைக்கிட்ட மூஞ்சியைக் கொண்டு போயி எழுத்தைப் பாத்தான்.

"மூணா?"ன்னான் கொம்பையா. "எங்களுக்கெல்லாம் ஒண்ணொண்ணு. ஒனக்கு மட்டும் மூணா? இத்தன நாளும் ஒரு வார்த்தை சொல்லலியேலே?"

"எனக்கே இப்பத்தான் தெரியும்ணே"ன்னான் தங்கப்பழம். நெஞ்சைத் தொட்டுப் பாத்தான். கனமா இருக்க மாதிரிதான் இருந்துது.

"மூணையும் வச்சு என்ன செய்யப் போற? எனக்கு ஒண்ணு தாயேன். இந்த எளைப்போட ஒண்ணை வச்சு ஓட்ட முடியல."

"கல்யாணம் முடியட்டும்ணே. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா."

குத்தாலிங்கம் அடுத்ததை வாசிச்சாரு. "ரெண்டு. திரையைத் தொட்டால் ஓட்டம் தொடங்கும். மூணு. குழி வந்தால் தொடவும்."

எல்லாரும் வாசலைப் பாத்து உக்காந்தாங்க. அரை மணி நேரமாச்சு. குழி ஒண்ணும் வரலை.

"குழி எப்படிவே வரும்? நாமதான் போவணும்"னாரு தலைவர். மேலத்தெருவுல தண்ணிக் கொழாய்க்குத் தோண்டின குழி இருந்துது. பொட்டியைத் தூக்கிக்கிட்டு நாலு பேரும் அங்க போயி நின்னாங்க. குத்தாலிங்கம் திரையைத் தொட்டாரு. மஞ்சச் சட்டைக்காரன் ஓட ஆரம்பிச்சான். திரையில குழி வந்துது.

"குழி, குழி, தொடும்வே"ன்னாரு.

கொம்பையா குனிஞ்சு கொழாய்க் குழியைத் தொட்டான். எட்டலை. இன்னும் கொஞ்சம் குனிஞ்சான். அவன் உள்ள விழுந்த அதே நேரம் திரையிலயும் ஒரு சத்தம். "தங்கப்பழம் விழுந்து இறந்தார். மீதம் இரண்டு உயிர்கள்."

குழிக்குள்ள கெடந்த கொம்பையாவை யாரும் பாக்கலை. எல்லாரும் தங்கப்பழத்தைப் பாத்தாங்க. தலைவர் தோள்ல கெடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாரு.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலியே தலைவரே"ன்னான் தங்கப்பழம்.

"வலிச்சது செத்துப் போன உயிருக்கு. அது வந்து ஒங்கிட்ட சொல்லுமா?"

"அப்ப பதினாறு நாள் துக்கம் காக்கணும்லா?"ன்னாரு குத்தாலிங்கம்.

தங்கப்பழத்துக்கு அப்பத்தான் பகீர்னுது. "அடுத்த புதன்கிழமை கல்யாணம் அண்ணாச்சி."

"பதட்டப்படாதலே. ஆளு முழுசாச் சாவலை. மூணுல ஒண்ணுதான் செத்துருக்கு. பதினாறை மூணாப் பங்கு வையும்வே"ன்னாரு தலைவர்.

குத்தாலிங்கம் கரித்துண்டை எடுத்து யாரு வீட்டுச் செவுத்துலயோ கணக்குப் போட்டாரு. அஞ்சு நாளும் எட்டு மணி நேரமும் வந்துது. சனிக்கிழமையோட சரி. தங்கப்பழத்துக்குப் போன மூச்சு திரும்பி வந்துது. தலையில ஒரு கொடம் தண்ணி ஊத்தி விட்டாங்க. அவன் சாவுக்கு அவனே ஈரத்தோட நின்னு, வந்தவங்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டான்.

சாயங்காலம் திரும்ப உக்காந்தாங்க. நாலாவது வரி, "எதிரி வந்தால் திரையைத் தொட்டுத் தாண்டவும்." இப்ப வெவரம் தெரிஞ்சுபோச்சு, திரையிலதான் எல்லாம் வரும்னு. வந்தது ஒரு நண்டு.

"இதான் எதிரியா?"ன்னான் கொம்பையா.

"எப்படிவே சொல்ல முடியும்? நண்டுன்னு தெரியுது. எதிரின்னு எங்க எழுதியிருக்கு?"ன்னாரு குத்தாலிங்கம்.

தலைவர் தொண்டையைச் செருமினாரு. "ஏல தங்கப்பழம், நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. ஒனக்கும் நண்டுக்கும் முன்விரோதம் உண்டா?"

தங்கப்பழம் யோசிச்சான். "போன மாசம் அக்கா வீட்டுல நண்டு ரசம் வச்சாங்க தலைவரே."

"குடிச்சியா?"

"ரெண்டு தம்ளர்."

"அப்ப நியாயம் நண்டு பக்கம்லா இருக்கு"ன்னாரு தலைவர். "கூப்பிட்டுப் பேசித் தீப்போம்."

அவரு திரைக்கு நேரா குனிஞ்சு, "ஐயா வாங்க, உக்காந்து பேசுவோம்"னாரு. நண்டு உக்காரலை. "தங்கப்பழம் இறந்தார். மீதம் ஒரு உயிர். தொடரத் தொடவும்."

குத்தாலிங்கம் மறுபடியும் கரித்துண்டை எடுத்தாரு. பத்து நாளும் பதினாறு மணி நேரமும். துக்கம் முடிய அடுத்த வெள்ளிக்கிழமை விடிஞ்சிரும். கல்யாணம் புதன்கிழமை.

தங்கப்பழம் பொட்டியைப் பிடுங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். "இனி ஒருத்தரும் இதைத் தொடப்பிடாது. இருக்கது ஒண்ணே ஒண்ணுதான்."

"தொடலைன்னா முதல் கட்டம் முடியாதேலே. கடைசி வரியைக் கேளு. முதல் கட்டம் முடிந்த பிறகே கருத்துச் சொல்ல வேண்டும்"னு வாசிச்சாரு குத்தாலிங்கம்.

"அப்ப அதுவரைக்கும் ஒருத்தரும் கருத்துச் சொல்லக் கூடாது. ஊருக்கே சொல்லிருங்க"ன்னாரு தலைவர்.

சொல்லிட்டாங்க. செவ்வாக்கிழமை கொம்பையா பொண்டாட்டி புளிக்கொழம்பு வச்சு, எப்படி இருக்குன்னு கேட்டா. "முதல் கட்டம் முடியட்டும்"னான். மறுநாள் அவ கொழம்பே வைக்கலை. ஆஸ்பத்திரியில டாக்டர் ஒரு கெழவனாரைப் பாத்து எங்க வலிக்குன்னு கேட்டாரு. "வெள்ளிக்கிழமை சொல்லுதேன்"னுட்டாரு கெழவனாரு. டீக்கடையில நாலு நாளா ஒரே அமைதி. காக்காச் சத்தம்தான்.

தங்கப்பழத்தோட பாடுதான் பாடு. தெருவுல நடந்தா ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி கம்பால தட்டிப் பாப்பான், குழி இருக்கான்னு. கொளத்துப் பக்கம் போறதே இல்ல, நண்டு கெடக்கும்னு. வியாழக்கிழமை திரையில செவப்பா ஒரு எழுத்து வந்துது. "பத்து சதவீதமே மீதம்."

ஓடிப் போயி ரெண்டு சொம்பு கேப்பைக் கூழு குடிச்சான். ஒம்போதாச்சு. நாலு வாழைப்பழம் தின்னான். எட்டாச்சு. செண்பகவல்லிக்குப் போன் போட்டான்.

"நான் எட்டு சதவீதம்தான் இருக்கேன்"னு அழுதான்.

அவ தையல் மிஷினை நிப்பாட்டி எல்லாத்தையும் கேட்டா. ஊசியைத் துணியில குத்தி வச்சா. பொறவு கேட்டா, "பொட்டி கூட ஒயரு குடுத்தாவளா?"

"ஆமா."

"அதைச் சொருகுங்க."

"எங்க?"

"பொட்டியில. ஒங்க மேல இல்ல."

சொருகினான். ஒம்போது ஆச்சு, பத்து ஆச்சு. ஒடம்புல தெம்பு ஏறுறது அவனுக்கே தெரிஞ்சுது.

"இங்க கொண்டாங்க. அந்த முதல் கட்டத்தை நான் முடிச்சுத் தாரேன்"னா செண்பகவல்லி.

தங்கப்பழத்துக்கு வெக்கமாப் போச்சு. "தாலி கட்டுறதுக்கு முன்னாடி என் உயிரை ஒன் கையில குடுத்தா நல்லாவா இருக்கும்?"னு போனை வச்சுட்டான்.

வெள்ளிக்கிழமை ஷைலஜா வந்தா. "கருத்து எழுதிட்டீங்களா சார்?"

"ஊரே வாயைக் கட்டிக்கிட்டு இருக்கும்மா. முதல் கட்டம் முடியலை"ன்னாரு தலைவர்.

"அவ்வளவுதானா, குடுங்க"ன்னு தங்கப்பழம் கையிலேருந்து பொட்டியை உருவி, திரையைத் தொட்டா. அவன் கண்ணை மூடிக்கிட்டு முருங்கை மரத்தை நெனைச்சான். குழி வந்துது, தாண்டினா. நண்டு வந்துது, தாண்டினா. அவன் கண்ணைத் தொறக்கும்போது "முதல் கட்டம் முடிந்தது"ன்னு வந்திருந்துது. கொம்பையா மொதக் காரியமா வீட்டுக்கு ஓடி, "புளி கொஞ்சம் தூக்கல்"னு சொல்லிட்டு வந்தான்.

குத்தாலிங்கம் பதிலெல்லாம் எழுதினாரு. ஷைலஜா வாங்கி வாசிச்சா.

"கதாபாத்திரத்தை இயக்க எளிதாக இருந்ததா?" தங்கப்பழத்தை யாரும் இயக்க முடியாது. அவன் அம்மா சொன்னாலே கேட்க மாட்டான்.

"தொடுதிரை எப்படி உள்ளது?" தொட்டால் ஆள் சாகிறான். தொடாவிட்டாலும் சாகிறான். நடுவில் ஏதாவது வைக்கவும்.

"எதிரிகள் எப்படி?" நண்டுக்கு மரியாதை தெரியவில்லை. ஆனால் அதன் பக்கம் நியாயம் இருக்கிறது.

"இந்த ஆட்டத்தைப் பிறருக்குச் சொல்வீர்களா?" கல்யாணம் நிச்சயமானவர்களுக்குச் சொல்ல மாட்டோம்.

ஷைலஜா தாளைப் பத்திரமா மடிச்சு வச்சுக்கிட்டா. "ரொம்ப நன்றி சார். அடுத்த ஊருக்கு இது வேணும், உங்க பேரை மட்டும் எடுத்துடறேன்"னு என்னத்தையோ அமுக்கினா. திரையில எழுத்து வந்துது.

"தங்கப்பழம் நீக்கப்பட்டார்."

தங்கப்பழம் மெதுவா தரையில உக்காந்தான்.

"செத்திருந்தாலாவது கணக்குப் போடலாம். ஆளே இல்லைன்னா யாருவே தாலி கட்ட?"ன்னாரு குத்தாலிங்கம்.

ஷைலஜா பஸ் வர்ற தெசையைப் பாத்தா. தரையில உக்காந்து அழுற ஆறடி ஆளைப் பாத்தா. பொட்டியில அவன் பேரைத் திரும்ப அடிச்சா. "புதியவர் தங்கப்பழம், வருக. உங்களுக்கு மூன்று உயிர்கள் உள்ளன."

"பொறந்துட்டான்"னான் கொம்பையா. பஸ் வந்துது. "மூணையும் பத்திரமாப் பாத்துக்கோம்மா"ன்னு தலைவர் கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பினாரு.

பொறவு கூடிப் பேசினாங்க. "அப்ப அந்தப் பத்து நாள் துக்கம்?"னு கேட்டான் தங்கப்பழம்.

"அது பழைய தங்கப்பழத்துக்கு. நீ வேற"ன்னாரு தலைவர்.

"பிள்ளை பொறந்த தீட்டு ஒண்ணு இருக்கே தலைவரே"ன்னாரு குத்தாலிங்கம்.

"பெத்தது அந்தப் பொண்ணு. தீட்டு அவளோட பஸ்ல போயிட்டு."

"இன்னைக்குப் பொறந்தவனுக்கு அடுத்த புதன்கிழமை கல்யாணமா?"

"பேசி முடிச்சது அவன் பொறக்கதுக்கு முன்னாடிவே. குடுத்த வாக்கு மாறப்பிடாது."

அப்படித்தான் கல்யாணம் சொன்ன நாள்ல நடந்துது. செண்பகவல்லி மணமேடையில உக்காந்து பாக்கா, பட்டு வேட்டி கட்டின மாப்ளையைத் தலைவர் இடுப்புல தூக்கிக்கிட்டு வாராரு. குத்தாலிங்கம் பின்னால நின்னு கழுத்தைத் தாங்கிப் பிடிச்சிருக்காரு. முன்னால கொம்பையா கிலுகிலுப்பையை ஆட்டிக்கிட்டே வாரான்.

"காலுக்கு என்ன?"ன்னு கேட்டா செண்பகவல்லி.

"இன்னும் நடக்கப் பழகலைம்மா"ன்னாரு தலைவர், மூச்சு வாங்கிக்கிட்டே.

"எறக்கி விடுங்க. நான் பழக்கிக்கிடுதேன்."

எறக்கி விட்டாங்க. முருங்கை மரத்துப் புண்ணியத்துல மூணு முடிச்சும் பிசகாம விழுந்துது. கீழ நின்னு அரிசி போட்ட கொம்பையாவுக்குக் கண்ணு கலங்கிட்டு.

"பொறந்து அஞ்சே நாளு. எவ்வளவு பெரிய மீசை பாத்தீராவே"ன்னான்.

"மொள்ளச் சொல்லும்வே"ன்னாரு குத்தாலிங்கம். "பச்சப்பிள்ளை, கண்ணு பட்டுரும்."