முப்பத்திரண்டாவது அமைச்சர்

கேளுங்கள். இன்று கடல் இருக்கும் இடத்தில் ஊர் இருந்த காலம். அங்கே கொற்றங்கோ என்று ஓர் அரசன். அவனைப் பாடுவதற்குத் தாமப்பன் என்று ஒரு புலவர்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரசனின் பிறந்தநாளில் அவனுக்கு ஒரு குறை இருப்பதாக யாரும் வாய் திறக்கக்கூடாது, அரசனும் கூடாது. புலவர் அவனுடைய பாக்கியங்களை மூன்று பாட்டில் பாடுவார். ஒன்றுக்காவது அரசன் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் பொழுது சாய்வதற்குள் புலவர் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்.

தாமப்பனுக்குக் கவலையில்லை. பத்து வருடமாக அரசன் முதல் அடியிலேயே தலையாட்டிவிடுவான். அந்த வருடப் பிறந்தநாள் காலையில்தான் அவர் மனைவி கொல்லையில் பூசணி விதை ஊன்றியிருந்தாள்.

முதலில் யானைகளைப் பாடினார். ஆயிரம் யானை, இரண்டாயிரம் தந்தம். தலை அசையவில்லை.

களஞ்சியங்களைப் பாடினார். எலிகள்கூடக் கொழுத்து நடக்க முடியாமல் கிடக்கும் களஞ்சியங்கள். அரசன் கண்ணை மூடிக்கொண்டான்.

அமைச்சர் புலவர் பக்கம் சாய்ந்தார். "எந்த வழியாகப் போகிறீர், புலவரே? தெற்கே ஒரே சேறு."

தாமப்பனுக்குப் பூசணி விதை நினைவுக்கு வந்தது. அரசியைப் பாடத் தொடங்கினார். "கரும்பைப் போல் இனிய சொல்" என்றதும் அரசனின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

அப்போதுதான் தாமப்பன் அந்த உப்பிய கன்னத்தை உற்றுப் பார்த்தார். வெற்றிலை அதக்கியிருக்கிறான் என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்திருந்தார். பின்னால் நின்ற வைத்தியர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாமப்பன் அரசியைப் பாதியில் விட்டார்.

"அரசே, உங்கள் வாய்க்குள் முப்பத்திரண்டு அமைச்சர்கள். நன்றாக உழைத்தார்கள். கடைசியில் இருப்பவர் மட்டும் ஓய்வு கேட்கிறார்."

அரசன் தலையாட்டினான். ஒருமுறை இல்லை, மூன்று முறை.

வைத்தியர் குறடோடு ஓடிவந்தார். அரசன் அலறிய அலறலில் யானைகள் சங்கிலியை அறுத்துக்கொண்டன. பாட்டில்தான் ஆயிரம், இருந்தவை நாலு.

பிறகு அரசன் வாய் கொப்பளித்து, ஒரு சட்டி ஆறிய கஞ்சியைக் குடித்தான். வெளியே காகம் கரைந்தது. அதற்கும் தலையாட்டினான். யானைப் பாட்டைத் திரும்பப் பாடச் சொன்னான். அடிக்கு அடி ஆட்டினான். நடுவில் புலவர் இருமியதற்கும் ஆட்டினான்.

எங்கே கிளம்பிவிட்டீர் என்று அமைச்சர் கேட்டார். பூசணிக்குத் தண்ணீர் ஊற்ற என்றார் தாமப்பன்.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள்: உடம்பில் ஓரிடம் வலிக்கிறவனுக்கு உலகத்தையே கொடுத்தாலும், அவன் குடியிருப்பது அந்த ஓரிடத்தில்தான்.