சாப்பாட்டில் சேராதது

சோமாஸ்கந்தன் ஸ்கேன் காகிதத்தை அம்மையாரின் முன்னால் வைத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார். மெல்ல உட்காருகிற உடம்பா அது!

அம்மையார் மங்கையர்க்கரசி அந்தச் சைவ மடத்தில் பாடம் சொல்பவர். வயது நாற்பது. சீடருக்கோ அறுபத்தொன்று. ஓய்வுபெற்ற சர்வேயர். ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்த மனிதர், தன் இடுப்பை மட்டும் அளந்ததில்லை.

“தாயே, இது அடுக்குமா? சாராய வாசனைகூட அறியாதவன் நான். கல்லீரலில் கொழுப்பு என்கிறார் டாக்டர்!”

“வேறென்ன சொன்னார்?”

“சர்க்கரையும் எல்லையில் நிற்கிறதாம். தொப்பை, சர்க்கரை, ஈரல் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாம். இப்போதே வாயைக் கட்டி, நடக்க ஆரம்பித்தால் ஈரல் தேறிவிடுமாம். விட்டால் இறுகிப்போகுமாம். பங்குனியில் பர்வதமலை ஏறுவதாக வேண்டுதல். ‘முதலில் ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறுங்கள்’ என்கிறார். பயமாக இருக்கிறது தாயே.”

“ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள்?”

“இரண்டே வேளை. அதுவும் அளவாக.”

“கோயிலில் கொடுக்கிற சர்க்கரைப் பொங்கல்?”

“ஐயையோ, அது பிரசாதம். சாப்பாட்டில் எப்படிச் சேரும்?”

“விரத நாளில்?”

“சோற்றைத் தொடவே மாட்டேன். பலகாரம் மட்டும்தான். கொஞ்சம் உப்புமா, நாலைந்து வெல்ல அடை.”

“அவ்வளவுதானா?”

“பாயசம் உண்டு. அது குடிக்கிறதுதானே.”

அம்மையார் சிரிக்கவில்லை. எப்படித்தான் அடக்கினாரோ! எழுந்து உள்ளே போய் ஒரு பெரிய தூக்குவாளியைக் கொண்டுவந்தார்.

“இன்று பிரதோஷம். சாப்பாட்டில் சேராதது எதுவோ, அதையெல்லாம் வாயில் போடாமல் இதில் போடுங்கள். பூஜை முடிந்ததும் கொண்டுவாருங்கள்.”

சோமாஸ்கந்தன் வாளியோடு கிளம்பினார். குரு சொல் தட்டாதவர். வீட்டில் உப்புமாவும் அடையும் விழுந்தன. பக்கத்து வீட்டம்மாள் கொடுத்த பாயசம் விழுந்தது. கோயிலில் பொங்கல், தெரிந்த குருக்கள் என்பதால் இரண்டாவது தடவையும் பொங்கல்.

சாயங்காலப் பூஜை முடிந்து மடத்துக்கு வந்தார். அம்மையார் வாளியைத் திறந்தார். துலக்கிக் கவிழ்த்த பாத்திரம்போல் பளபளவென்றிருந்தது.

“காலியாக இருக்கிறதே, ஐயா?”

“நிரம்பிவிட்டது தாயே! மூடியே போட முடியவில்லை. ஒரே நாளில் இவ்வளவா என்று எனக்கே பகீரென்றது. நன்றாகப் புரிந்துவிட்டது.”

“பிறகு?”

சோமாஸ்கந்தன் தலையைச் சொறிந்தார்.

“என்ன இருந்தாலும் பிரசாதமாயிற்றே. அப்படியே கொட்டினால் பாவம் இல்லையா? கோயில் வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டேன். ஒரு பருக்கைகூட வீணாகவில்லை தாயே.”

அம்மையார் ஸ்கேன் காகிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“எங்கே வீணாகும், ஐயா? எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறதென்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்களே.”

வெளியே யாரோ சுண்டல் வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டார்கள். சோமாஸ்கந்தன் எழுந்து போகவில்லை; வாயை இறுக மூடிக்கொண்டார்.