முரசுக்காரன் படுத்த படுக்கை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நாட்டின் பெயர் எனக்கு நினைவில்லை. ராஜாவின் குணம் நினைவிருக்கிறது. கண்ணால் பார்த்ததை மட்டும்தான் நம்புவார். காற்று அடிக்கிறது என்று யாராவது சொன்னால், "எந்த மரம் ஆடுகிறது?" என்று கேட்பார்.

அவருடைய அரண்மனையில் செங்கோடன் என்று ஒரு முரசுக்காரன் இருந்தான். தேர்த் திருவிழாவில் அவன் முரசு முழங்கிய பிறகுதான் வடம் பிடிப்பார்கள். வாட்டசாட்டமான ஆள். ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போன பலம் மட்டும் திரும்பவில்லை. கிணற்றடிவரை போய்வந்தால் அன்று முழுவதும் படுக்கை. வைத்தியர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், "உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

ராஜாவின் பிறந்த நாளன்று செங்கோடன் எப்படியோ எழுந்து வந்து முரசடித்தான். அதற்காக முன்னதாகவே பல நாள் அசையாமல் கிடந்தான். அடித்துவிட்டுப் போனபின் ஒரு பட்சம் முழுக்க அவன் மனைவி காத்தாயி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். முன்னால் கிடந்ததையும் பின்னால் கிடந்ததையும் சபையார் பார்க்கவில்லை. அவன் அடித்ததைத்தான் பார்த்தார்கள்.

களஞ்சிய அதிகாரி ஆளவந்தாருக்கு அந்த முரசு வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுக்க ஆசை. அரசவை விகடன் சடையாண்டிமேல் பழைய பொறாமையும் உண்டு. சடையாண்டியோ செங்கோடனின் சிநேகிதன்.

"அரசே," என்றார் ஆளவந்தார், "பிறந்த நாளன்று இடிபோல் அடித்தவன், இன்று எழுந்து உட்கார முடியாது என்கிறான். அரண்மனைச் சோற்றைத் தின்றுவிட்டுக் கால்நீட்டிக் கிடக்கிறான். அந்தச் சுகம் கிடைத்தால் நானும் நோயாளியாக இருக்கத் தயார்!"

சபை சிரித்தது. ராஜா காத்தாயியை வரவழைத்தார்.

"உன் கணவனுக்கு என்ன நோய்?"

"களைப்புங்க, மகாராஜா."

"களைப்பு எனக்கும் உண்டு."

"உங்க களைப்பு தூங்கினா போயிடுதுங்க. இது அவரோட சேர்ந்து முழிச்சுக்குதுங்க."

ராஜாவுக்கு அது பிடிபடவில்லை. "சடையாண்டி, நீதானே அவனுக்காகப் பரிந்து பேசுகிறாய்? தேர்த் திருவிழா முடிவதற்குள் அந்த நோயை என் கண்ணுக்குக் காட்டு. காட்டாவிட்டால், செங்கோடன் வீட்டையும் வேலையையும் விட்டு ஊர் எல்லையைத் தாண்டிப் போகவேண்டும்."

காத்தாயி சடையாண்டியைத் திரும்பிப் பார்த்தாள். கிணற்றடிக்கே போகமுடியாதவனை எல்லைவரை எப்படிக் கொண்டுபோவது?

சடையாண்டி எழுந்து வணங்கினான். "நோயைக் காட்ட எனக்குத் தெரியாது, அரசே. சுகத்தை வேண்டுமானால் காட்டுகிறேன். ஆளவந்தார் ஐயா இப்போது ஒரு வரம் கேட்டார். தாங்கள் அதைக் கொடுத்துவிடவேண்டும்."

"என்ன வரம்?"

"செங்கோடன் அனுபவிக்கும் சுகம். அவன் வீட்டுப் பின்னறையில் ஐயாவும் படுக்கட்டும். அவன் செய்வதை ஐயா செய்யலாம். அவன் செய்யாததைச் செய்யக்கூடாது. தேர் நிலைக்குத் திரும்பும்வரை அப்படிக் கிடந்துவிட்டால், அது சுகம்தான் என்று ஒப்புக்கொண்டு செங்கோடனைச் சுமந்தபடி நானும் எல்லை தாண்டுகிறேன். முரசை ஐயாவின் மைத்துனருக்கே கொடுங்கள்."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! ஆளவந்தார் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "அப்படியே ஆகட்டும்" என்றார். ராஜாவுக்கும் இது வேடிக்கையாகப்பட்டது. சம்மதித்தார்.

முதல் நாள் ஆளவந்தார் விட்ட குறட்டை தெருவரை கேட்டது. மறுநாள் காலையில் குரல் கொடுத்தார்.

"காத்தாயி, வெற்றிலைப் பெட்டி எங்கே?"

"அவரு வெத்தலையை விட்டு ரொம்ப நாளாச்சுங்க ஐயா. மென்னா தாடை ஓஞ்சுபோகுது."

"சரி, யாரையாவது வரச்சொல். நாலு வார்த்தை பேசவேண்டும்."

"பேச்சுச் சத்தம் அவருக்கு ஆகாதுங்க."

"ஜன்னலையாவது திற!"

"வெளிச்சமும் ஆகாதுங்க."

அப்போது அவர் மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. கையைத் தூக்கினார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த சடையாண்டி, "ஐயா, கை! இன்றைக்குச் செங்கோடனால் கையைத் தூக்க முடியவில்லை" என்றான்.

"ஈயடா, ஈ!"

"அவன்மேலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, ஐயா."

இப்படியே நாள்கள் போயின. ஆளவந்தாருக்கு முதுகு வலித்தது, தலை அரித்தது, கூரையின் ஓடுகளெல்லாம் மனப்பாடமாயின. ஒருநாள் கஞ்சி கொண்டுவந்த காத்தாயியிடம் கெஞ்சுகிற குரலில், "இன்னும் எத்தனை நாள் அம்மா?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தேர் முடியிறவரைக்குங்க. எங்களுக்கு இன்னும் யாரும் சொல்லலீங்க."

தேரும் வந்தது. செங்கோடன் வீடு தேரோடும் வீதியில்தான் இருந்தது. கொம்பு ஊதினார்கள். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். முரசு முழங்கியது, அன்றைக்கு அடித்தவன் ஆளவந்தாரின் மைத்துனன். ஆளவந்தார் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். சக்கரம் நெருங்கியது. போர்வை பறந்தது. ஒரே பாய்ச்சலில், வாசலில் ராஜா நிறுத்தியிருந்த காவலனைத் தள்ளிக்கொண்டு வீதிக்கு வந்துவிட்டார்.

வடத்தைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்த ராஜா நிமிர்ந்து பார்த்தார். கசங்கிய வேட்டி, பரட்டைத் தலை, முள்முள்ளாகத் தாடி. அதற்குள் எவனிடமோ பிடுங்கிய வெற்றிலை வேறு கன்னத்தில் உப்பியிருந்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆளவந்தாரே, சுகம் அலுத்துவிட்டதா?"

"அரசே, தேர் வருகிறது! வாசலில் தேர் வரும்போது ஒரு மனிதன் எப்படிப் படுத்திருப்பான்?"

"அந்தக் கேள்வியை அவர் கேட்பதற்காகத்தான் காத்திருந்தேன், அரசே" என்றான் சடையாண்டி. "தேரை வேடிக்கை பார்க்கிறவராலேயே படுத்திருக்க முடியவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து தேருக்கு முன்னால் நின்று முரசடித்தவன் உள்ளே படுத்திருக்கிறான். சுகத்துக்காகவா?"

ராஜா வடத்தை விட்டுவிட்டு அந்த வீட்டுக்குள் போனார்.

செங்கோடன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். காதுகளில் பஞ்சு அடைத்திருந்தது. அதற்குமேல் காத்தாயி தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். வெளியே முரசில் ஒவ்வோர் அடி விழும்போதும் அந்தப் பெரிய தோள் ஒடுங்கியது. ராஜா வந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

ராஜா வெளியே வந்து, "முரசை நிறுத்துங்கள்" என்றார்.

வீடும் வேலையும் செங்கோடன் பேரிலேயே இருக்கும், மைத்துனன் அவனுக்குப் பதிலாளாக அடிக்கலாம் என்று உத்தரவாயிற்று. "ஆளவந்தாருக்கு என்ன தண்டனை?" என்று ராஜா கேட்டார். "இன்னொரு நாள் படுக்கச் சொன்னால் போதும்" என்றான் சடையாண்டி. ஆளவந்தார் தெருவென்றும் பாராமல் ராஜாவின் காலில் விழுந்துவிட்டார்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியின் கழுத்தில் போட்டார். வேண்டாம் என்று சொல்ல அவன் ஒன்றும் துறவியல்ல, போட்டுக்கொண்டான். பிறகு இன்னொன்றும் கேட்டான்: அந்த வீதியைத் தேர் கடக்கும்வரை முரசும் கொம்பும் ஓய்ந்திருக்கவேண்டும். ராஜா அதையும் கொடுத்தார்.

செங்கோடன் குணமாகவில்லை. அதற்கான மருந்து இந்தக் கதையில் இல்லை. ஆனால் அதற்குப்பிறகு யாரும் காத்தாயியை வழிமறித்து, "உண்மையிலேயே முடியவில்லையா?" என்று கேட்கவில்லை. அவளுக்கு அது பெரிய ஓய்வு.

அடுத்த ஆண்டு தேர் அந்த வீதியில் சத்தமில்லாமல் வந்தது. ஜனங்களின் காலடியும் சக்கரம் உருளும் ஓசையும் மட்டும் கேட்டன. காத்தாயி ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்தாள். செங்கோடன் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல, "இடது சக்கரத்து அச்சுக்கு எண்ணெய் பத்தலை. போய்ச் சொல்லு" என்றான்.

காத்தாயி ஓடிப்போய்ச் சடையாண்டியிடம் சொன்னாள். அவன் ராஜாவிடம் சொன்னான். ராஜா தேரை நிறுத்தி எண்ணெய் ஊற்றச் சொன்னார். மறுபடி வடத்தைப் பிடிக்கும்போது, அந்த வீட்டுப் பக்கம் பார்த்து, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

"படுத்துக்கொண்டே என் தேரை ஓட்டுகிறானடா, சடையாண்டி!"