நின்றவனைத் தாண்டிய பையன்

இருட்டிய பிறகு, மாடே இல்லாத இடத்தில் மாட்டு மணிகள் கேட்டன.

ஒஹாயோவில் ஒரு பள்ளி மைதானம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிந்திருந்தது. அங்கே ரசிகர்கள் மணி ஆட்டித்தான் ஆரவாரம் செய்வார்கள். தோற்ற கோபத்திலும் ஆட்டுவார்கள் என்பது நடுவர் அறையில் இருந்த பிரகாசிக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசி நிமிடத்தில் உள்ளூர்ப் பையன் பந்தோடு ஓடிவந்து, எதிரே நின்றவனின் தலைக்கு மேலே தாவி எல்லையைத் தொட்டான். தவறு என்று நடுவரான பிரகாசி மஞ்சள் கொடி வீசினாள். புள்ளி போயிற்று. ஆட்டமும் போயிற்று.

வீட்டில் கைக்குழந்தை. கார் கூட்டத்துக்கு அந்தப் பக்கம். கதவைத் தாழிட அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"இப்ப வேண்டாம்" என்றார் தனிஸ்லாஸ். அவளுக்கு நடுவர் வேலை கற்றுக்கொடுப்பவர்.

கதவை யாரோ இடித்தார்கள்.

"தங்கச்சி, நான் தாண்டின பையன் அகிலனோட அப்பா. நம்ம ஊர்ப் பொண்ணு, நீயே இப்படிப் பண்ணலாமா? டி.வி.யில தாண்டுறானுங்க, ஊரே கைதட்டுது! எதிர்ல இருந்தவன் முட்டி தரையில இருந்துச்சு, நான்தான் சரியா பாக்கலன்னு எங்க கோச்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. இவனை அவங்க டீமுக்கு எடுக்கலாமான்னு பாக்க காலேஜ்லேர்ந்து வந்திருக்காங்கம்மா."

பிரகாசி திரும்பினாள். "அங்க தாண்டினா கைதட்டு, இங்க தாண்டினா தப்பு. எதுதான் சார் சட்டம்?"

தனிஸ்லாஸ் தரையில் நீட்டிப் படுத்தார்.

"தாண்டு."

தாண்டினாள்.

கையையும் முட்டியையும் ஊன்றிக் குனிந்தார்.

"தாண்டு."

பள்ளிக்கூடத்தில் பச்சைக்குதிரை விளையாடியவள்தான். தாண்டினாள்.

எழுந்து நேராக நின்றார்.

"ஓடி வந்து தாண்டு."

ஓடி வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"ஏன்?"

"என் பூட்ஸ் உங்க முகத்துக்கு நேரா வருது, சார்."

"அகிலனுக்கு எதிர்ல இருந்த பையன்?"

"நின்னுக்கிட்டுதான் இருந்தான்."

"கேட்டவர் வெளியில இருக்கார். என்கிட்ட சொல்றே."

அவள் கதவைத் திறந்தாள். மணிகள் நின்றன.

"அண்ணே, அவன் முட்டி தரையில இல்ல. நின்னான். நான் பாத்தேன். டி.வி.யில ஆடுறவங்களுக்குச் சட்டம் வேற. பள்ளிக்கூடப் பிள்ளைங்க நின்னவனைத் தாண்டக் கூடாது."

"உனக்கு ஒரு புள்ள இருந்தா தெரியும்!"

"இருக்கு அண்ணே."

 அவருக்குப் பின்னால் யாரோ ஒரு மணியை ஆட்டினார்கள். பிறகு எல்லோரும் ஆட்டினார்கள்.

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"மறுபடி மணி ஆட்டுறாங்க, சார்."

"ஆட்டட்டும்" என்றார் தனிஸ்லாஸ். "இப்பப் போடு தாழ்ப்பாளை."

போட்டாள்.